பெட்டி சொல்லும் சூடு வேறு, உள்ளே இருக்கும் சூடு வேறு

பகாவ் பக்கம் இருப்பவர்களுக்குச் சாலாய் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நெகிரி செம்பிலானில் சாலையோரக் கடைகளில் இறைச்சியும் கெலி மீனும் புகையில் காய்ந்துகொண்டிருக்கும். அதை வாங்கிவந்து, சிலி பாடி மிளகாயை இடித்துப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி மாசாக் லெமாக் வைப்பது நம் வீடுகளுக்கும் எப்போதோ வந்துவிட்டது. புதிதாக வந்திருப்பது மின்சார ஸ்மோக்கர், கட்டைப் புகையிலேயே இறைச்சியை வேகவைக்கும் பெட்டி. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு விறகு மூட்ட இடம் ஏது? பின்கட்டில் பெட்டியை வைத்து, பிளக்கைச் சொருகி, 110 டிகிரி செல்சியஸ் என்று எண்ணை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் தடவை கோழித் தொடை, அடுக்கு கொள்ளாமல் ஆறு கிலோ. பெட்டியில் 110 வைத்தேன், பெட்டியும் 110 என்றே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் மேலே நல்ல செம்பழுப்பு, எலும்பை ஒட்டிய சதையோ இன்னும் வழவழவென்று பச்சையாக இருந்தது. வந்திருந்த பெரியம்மா தட்டை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, "இத சட்டியில போட்டு இன்னொரு தரம் பெரட்டி எடுத்துட்டு வாய்யா" என்றார். மானம் போனது. மறுநாளே தனியாக ஒரு தெர்மாமீட்டருக்குச் சொல்லிவைத்தேன்.

இந்தக் கட்டுரை அந்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது. மசாலா, ஊறவைக்கும் முறை எல்லாம் இதில் இல்லை. சூடு மட்டும்தான்.

எண் ஏன் பொய் சொல்கிறது

இஸ்திரிப் பெட்டியில் சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்மோக்கரும் அதே ஜாதிதான். அடியில் ஒரு எலிமெண்ட், சூடேறும் கம்பி. அது முழு வேகத்தில் எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும்; கேஸ் அடுப்பு மாதிரி நடுவில் குறைத்து வைக்கும் வித்தை அதற்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் 110 வந்ததும் மின்சாரத்தை வெட்டும். ஆனால் பழுக்கக் காய்ந்த கம்பி உடனே ஆறிவிடுமா? சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். அப்புறம் இறங்கும். சில டிகிரி கீழே போன பிறகுதான் தெர்மோஸ்டாட் மறுபடி விழித்துக்கொள்ளும். அதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும். சாதாரணப் பெட்டிகளில் இந்த ஏற்ற இறக்கம் மேலே பத்து, கீழே பதினைந்து டிகிரி என்று இருப்பது சகஜம். பெட்டி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இது ஒன்று. இரண்டாவது, பெட்டியின் சென்சார் பெரும்பாலும் பின்சுவரை ஒட்டி இருக்கும். அது சொல்வது சுவரோரத்துச் சூடு. உங்கள் கோழி இருப்பதோ நடு அடுக்கில். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சூடு ஏறி இறங்குவது ஒரு விஷயம், சராசரியே தப்பாக இருப்பது வேறு விஷயம். ஏறி இறங்குவதால் இறைச்சிக்குப் பெரிய பாதகம் இல்லை. இரண்டு கிலோ ஆட்டுச் சப்பைக்குப் பத்து நிமிடத்தில் வந்துபோகும் சூடு தெரியவே தெரியாது, அது சராசரியைத்தான் உணரும். சராசரி எட்டு டிகிரி கம்மி என்றால்தான் பெரியம்மா தட்டைத் தள்ளிவைப்பார்.

அப்பாவுக்கு இது விளங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தோட்டத்தில் ரப்பர் சீட் காயவைக்கும் புகைக்கொட்டகையில் அவர் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே பால்மர விறகைப் போட்டு நாள் கணக்கில் புகை போடுவார்கள். "மொத நாளு சூடு கம்மியா இருக்கணும், அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அறுவது தாண்டிச்சின்னா சீட்ல கொப்பளம் போட்டுடும், கிரேடு போச்சு" என்பார். சீட் எங்கே தொங்குகிறதோ அங்கே சூடு என்ன என்பதுதான் அவருக்குக் கணக்கு. கதவுக்கு வெளியே மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் முள்ளை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

முதலில் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள்

இரண்டு கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு கம்பி பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு, மற்றது இறைச்சிக்குள். நூறு வெள்ளிக்கு உள்ளேயே கிடைக்கும். கதவில் பதித்து வரும் வட்ட முள் தெர்மாமீட்டர் அலங்காரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு பெரிய கப் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரைவிட ஐஸ் அதிகம் இருக்க வேண்டும். கோப்பி பெங் மாதிரி நாலு கட்டி மிதந்தால் போதாது. நன்றாகக் கலக்கி, கம்பியின் நுனி நடுவில் இருக்கும்படி, கப்பைத் தொடாமல் இரண்டு நிமிடம் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். அடுத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில், சட்டியின் அடியைத் தொடாமல். 100 காட்ட வேண்டும். பகாவ் மாதிரித் தாழ்வான ஊருக்கு இது சரி. கேமரன் மலையில் இருக்கும் சொந்தக்காரர் இதைச் செய்து பார்த்துவிட்டு 95 தான் வருகிறது என்று புலம்பினால், தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் அவ்வளவில்தான் கொதிக்கும்.

ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம். மூன்று நான்கு என்றால் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் எழுதிவையுங்கள்.

வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள்

புதுப் பெட்டியை எப்படியும் ஒரு தடவை வெறுமனே இரண்டு மூன்று மணி நேரம் எரிக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஆலை எண்ணெய் போவதற்கு. அந்த நேரத்தையே சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கம்பியை நடு அடுக்கில், இறைச்சி எங்கே வரப்போகிறதோ அங்கே வையுங்கள். நுனி இரும்பைத் தொடக் கூடாது. என்னிடம் கிளிப் இல்லாததால் ஒரு உருளைக்கிழங்கைக் குறுக்கே குத்தி, நுனி இரண்டு அங்குலம் வெளியே நீட்டியபடி அடுக்கில் உட்காரவைத்தேன். மேல் காற்றுத்துளையை முழுக்கத் திறந்துவிட்டு 110 வைத்து, முக்கால் மணி நேரம் எதையும் எழுதாமல் விட்டுவிடுங்கள். முதல் ஏற்றம் எப்போதும் எகிறும். என் பெட்டி 128 வரை போய்த் திரும்பியது. அதைப் பார்த்துக் கலங்கி எண்ணைக் குறைத்தால் மொத்தக் கணக்கும் கெட்டுப்போகும்.

அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம், பேனாவும் தாளுமாக உட்காருங்கள். என் தாளில் இருந்தது இது: 104, 99, 96, 95, 102, 110, 113, 111, 106, 101, 97, 96. கூட்டினால் 1230, பன்னிரண்டால் வகுத்தால் 102.5. பெட்டியின் முகத்தில் 110, நடு அடுக்கில் 102.5. ஏழரை டிகிரி கம்மி. ஏழரை என்று வந்ததைப் பார்த்து அப்பா சிரித்தார்.

சிலர் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டை மட்டும் எடுத்து நடுவே பிரிப்பார்கள். இங்கே 113-ம் 95-ம் சேர்ந்தால் 104 வரும். நிஜச் சராசரியைவிட அது கூட. பெட்டி வேகமாகச் சூடாகி மெதுவாக ஆறுகிறது, அதனால் கீழ்ப் பக்கத்தில் அதிக நேரம் இருக்கிறது. சோம்பல் படாமல் பன்னிரண்டையும் கூட்டுங்கள்.

இனிமேல் எனக்கு 110 வேண்டுமென்றால் 117 அல்லது 118 வைப்பேன். ஆனால் எல்லா எண்ணுக்கும் அதே ஏழரையைக் கூட்டிவிட முடியாது. 80-ல் மூன்று டிகிரிதான் கம்மி, 130-ல் ஒன்பது. நீங்கள் அதிகம் பயன்படுத்தப்போகும் இரண்டு மூன்று எண்களுக்குச் சோதனை செய்து, தாளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். அமெரிக்கக் குறிப்புகளைப் பார்த்துச் சமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் 225 என்று சொல்வது ஃபாரன்ஹீட், நமக்கு அது 107. அவர்களின் 250 நமக்கு 121.

நேரம் இருந்தால் கம்பியை மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, இடம், வலம் என்று மாற்றிப் பாருங்கள். என் பெட்டியில் கீழ் அடுக்கின் வலது மூலை மட்டும் அடுப்பு மாதிரி. அங்கே எப்போதும் தொடை எலும்பைத்தான் வைக்கிறேன், நெஞ்சுக்கறியை வைப்பதில்லை.

ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது

இடம் முக்கியம். நம் ஊரில் குளிர் இல்லை என்று அலட்சியம் வேண்டாம். சாயங்கால மழை தகரப் பெட்டியின் மேல் நேராகக் கொட்டினால் சூடு சரசரவென்று இறங்கும், மின்சார ஆபத்து அதற்கு மேல். தீபாவளி வருவதோ மழை மாதத்தில். கூரைக்கு அடியில், காற்று நேராக அடிக்காத பக்கம், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். உள் அறையில் வேண்டாம், புகை.

அடுத்தது ஒயர். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எலிமெண்ட்டின் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த 800 வாட் எலிமெண்ட், 207 வோல்ட்தான் வருகிறது என்றால் ஏறக்குறைய 650 வாட்தான் தரும். பத்து சதவீதம் குறைந்தால் சூட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போகிறது. எல்லா வீட்டிலும் ஏர்கோன் ஓடும் இரவில், நீளமான ஒல்லி எக்ஸ்டென்ஷன் ஒயரில் பெட்டியை மாட்டினால் அது 110-ஐத் தொடவே திணறும். முடிந்தவரை சுவர் பிளக்கிலேயே மாட்டுங்கள். ஒயர் வேண்டியே ஆக வேண்டும் என்றால் சிரிம் தர முத்திரை உள்ள, தடித்த, மூன்று கம்பி ஒயர். சுருட்டி வைக்காமல் முழுக்க விரித்து. வெளிநாட்டிலிருந்து 120 வோல்ட் பெட்டியை மலிவாக வாங்கி அடாப்டர் போட்டு மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மின்னழுத்தம் இரட்டிப்பானால் சக்தி நான்கு மடங்கு ஆகும். எலிமெண்ட் கருகுவது அதில் கிடைக்கும் நல்ல முடிவு.

பெட்டிக்குள் வைக்கும் தண்ணீர்த் தட்டு ஈரப்பதத்துக்கு மட்டும்தான் என்று நிறையப் பேருக்கு எண்ணம். அது சூட்டைத் தாங்கிப் பிடிக்கும் கனமும்தான். எலிமெண்ட் எரியும்போது கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், அணையும்போது திருப்பித் தரும். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டுபோகவே 800 வாட் எலிமெண்ட் சிந்தாமல் சிதறாமல் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் உழைக்க வேண்டும். கேத்தலில் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். தோல் மொறுமொறுப்பாக வேண்டும், ஈரம் வேண்டாம் என்றால் தட்டில் மணலைக் கொட்டி அலுமினியத் தாளால் மூடுங்கள், அல்லது தீச்செங்கல் ஒன்றைச் சுற்றி அடியில் வையுங்கள். ஆற்றங்கரைக் கூழாங்கல் மட்டும் வேண்டாம். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும்.

அடுத்து, புகைக்குப் போடும் கட்டைத் துண்டு. ஒரு கைப்பிடி, முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை. அவசரப்பட்டு நிரப்பினால் புகைய வேண்டியது தீப்பிடித்து எரியும், சூடு இருபது முப்பது டிகிரி எகிறும், கறி கசக்கும். ஊறவைக்க வேண்டாம், ஈரம் காயும் வரை வெறும் ஆவிதான் வரும். மா, ரம்புத்தான் இரண்டும் நன்றாக இருக்கும், தேங்காய்ச் சிரட்டையும் சரி. தளவாடக் கடையில் கழித்துப்போடும் ரப்பர் மரத் துண்டு இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொண்டுவராதீர்கள். அந்த மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தில் ஊறவைத்திருப்பார்கள்.

சூடு போதவில்லை என்று மேல் காற்றுத்துளையை மூடுவது எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்தேன். சூடு மூன்று டிகிரி ஏறியது, கோழி முழுக்கத் தார் வாடை. துளை திறந்தே இருக்கட்டும்.

கதவு? ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு ஒரேயடியாக விழும், பழைய நிலைக்கு வரப் பத்துப் பதினைந்து நிமிடம். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் "எங்க, காட்டுங்க பாப்போம்" என்பார்கள். தெர்மாமீட்டரைக் காட்டுங்கள்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் சென்சாரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். கரியும் கொழுப்பும் படிந்தால் அது சூட்டை மெதுவாகத்தான் உணரும், ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகும்.

இறைச்சி உள்ளே போன பிறகு

பெட்டி இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிய பிறகு அடுக்குங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி. காற்றுக் கம்பியை இறைச்சியிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்ந்த கறியை ஒட்டி இருந்தால் அது கறியின் குளிரைத்தான் சொல்லும். கதவை மூடியதும் எண் 80-க்குக் கீழே விழலாம். தொடாதீர்கள். பதற்றத்தில் 135-க்கு ஏற்றிவிட்டு மறந்துபோய், அரை மணியில் எகிறியதும் 90-க்கு இறக்குவது, அப்புறம் மறுபடி ஏற்றுவது என்று ஊஞ்சல் ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டி ஆடுவதைவிட ஆள் ஆடுவதுதான் அதிகம்.

முதல் சமையலுக்குக் கோழித் தொடை எடுங்கள், இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். நிஜச் சூடு 120 இருக்கும்படி வைத்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஆகும். எப்போது எடுப்பது என்பதை மட்டும் கடிகாரத்திடம் கேட்காதீர்கள். எலும்பைத் தொடாமல் தடித்த சதையில் குத்தி, 74 வந்தால் வெந்தது.

ஆட்டுச் சப்பை வேறு கதை. 65, 70 வரை ஜோராக ஏறும், அப்புறம் இரண்டு மணி நேரம் அசையாது. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து நான் பிளக்கையே மாற்றிப் பார்த்தேன். பெட்டியில் ஒன்றுமில்லை. கறியின் மேல் வியர்த்து ஆவியாகும் ஈரம், உள்ளே போகிற சூட்டை அப்படியே தின்றுவிடுகிறது. காத்திருக்கலாம், அல்லது வாட்டிய வாழையிலையில் சுற்றி, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி வைத்தால் ஆவி அடங்கி மறுபடி ஏறும். 93 பக்கம் வந்தால் எலும்பு கையோடு வரும்.

கொஞ்ச நாளில் யாராவது பிஐடி கன்ட்ரோலர் வாங்கி மாட்டச் சொல்வார்கள். அது எலிமெண்ட்டைச் சின்னச் சின்னத் துண்டு நேரமாகப் போட்டு அணைத்து, ஏற்ற இறக்கத்தை ஓரிரு டிகிரிக்குள் கொண்டுவரும். நல்ல பொருள்தான். ஆனால் திருகும் குமிழ் வைத்த பெட்டிக்குத்தான் வெளியிலிருந்து மாட்ட முடியும். பட்டன் அழுத்தும் டிஜிட்டல் பெட்டியில் மின்சாரம் ஒரு தடவை வெட்டுப்பட்டால் அது மறுபடி தானாகத் தொடங்காது. எதுவானாலும் ஆறு மாதம் பழகிய பிறகு யோசியுங்கள்.

கரண்டு போனால்

எலிமெண்ட்டின் உள்ளே அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் பின்கட்டில் கிடந்த பெட்டியை மழைக்காலத்தில் போட்டால் வீட்டு ஆர்சிசிபி, அதாவது கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், படக்கென்று விழுந்துவிடும். அதை மறுபடி மறுபடி தூக்கிவிட்டுச் சண்டை போடாதீர்கள். மின்கசிவு இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள். பெட்டியை உலர்ந்த அறையில் வைத்தால், விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால், இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

நடுவில் மின்சாரம் போனாலோ, இடி இறங்குகிறது என்று நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலோ, கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் பொறுங்கள். மூடிய பெட்டி கொஞ்ச நேரம் தாங்கும். அதற்கும் மேல் ஆனால் யோசிக்காதீர்கள், பாதி வெந்த கறியை 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பில் போட்டுவைப்பது வயிற்றுக்கு ஆபத்து. கேஸ் அடுப்பில் கனமான சட்டியை வைத்து, மூடி போட்டு, 74 வரும்வரை முடித்துவிடுங்கள். புகை வாசம் முதல் ஒரு மணி நேரத்திலேயே நன்றாகப் பிடித்துவிடுகிறது. போன தீபாவளிக்குச் சரியாக அப்படித்தான் ஆனது. சட்டியில் முடித்த கோழியைப் பெரியம்மா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதில் வெந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.